கொடுப்பு இறுகினால் ஊசியா?

வாசகர் கேள்வி பதில்

நித்திரையில் பல் நறுமுவது, கொடுப்பை இறுக்கிக் கடிப்பது, அதற்குப் போடும் பொட்டொக்ஸ் ஊசி ஆகியவை பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தருகிறோம்.

மானிப்பாய் வாசகி: எனக்கு 34 வயது. விடிய எழும்பேக்கை இரண்டு கொடுப்பும் இறுகி, நெத்திப்பொட்டு விண்விண் எண்டு வலிக்கும். பல் வைத்தியர் இரவிலை பல்லிலை மாட்டத் தந்த காப்பை, நைட் காட்டை, எட்டு மாதத்திலை கடிச்சு ஓட்டையாக்கிப் போட்டன். இப்ப பொட்டொக்ஸ் ஊசி போடலாம் எண்டு சொல்லுகினம். அது நஞ்சு எண்டு மாமி பயப்படுத்துறா. போட்டால் பல் கடிக்கிறது நிண்டிடுமோ?

நிற்காது. இதை எதிர்பார்த்துப் போடுபவர்கள்தான் பிறகு ஏமாந்துபோகிறார்கள்.

பல்லைக் கடிக்கச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. நித்திரை சற்றுக் கலைந்து மேலெழும் கணங்களில் இதயத் துடிப்பு கூடும். அதன் பின்னால் தாடைத் தசைகள் வேலை செய்யத் தொடங்கும். ஊசி அந்த உத்தரவைத் தொடுவதில்லை. உத்தரவு வந்து சேரும் வாசலைத்தான் சாத்துகிறது. நரம்பு நுனியிலிருந்து அசிற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளிவந்தால்தான் தசை சுருங்கும். அதை வெளியே விடும் புரதம் ஒன்றை இந்த மருந்து வெட்டிவிடுகிறது. ஆகவே ஊசிக்குப் பிறகும் இரவில் ஏறத்தாழ அதே தடவை கடிப்பீர்கள். ஆனால் கடியின் பலம் குறைவாக இருக்கும். வலியும், பல் உடைவதும், காட் ஓட்டையாவதும் குறைவது அதனால்தான்.

மாமி சொன்னதிலும் உண்மை உண்டு. கிளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் நச்சுத்தான் இது. ஜேர்மனியில் பழுதான சொசேஜ் தின்று கை கால் சோர்ந்து இறந்தவர்களைப் பற்றி 1820களில் யுஸ்டினஸ் கேர்னர் என்ற வைத்தியர் விரிவாக எழுதினார். லத்தீனில் பொட்டுலஸ் என்றாலே சொசேஜ்தான். ஏற்பு வலியைத் தரும் கிருமிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி: அது தாடையைப் பூட்டும், இது தளர்த்தும். 1989இல் அமெரிக்காவில் வாக்குக் கண்ணுக்கும் கண்ணிமை இழுப்புக்கும் மருந்தாக அனுமதி கிடைத்தது. பல் நறுமுவதற்கென்று அங்கே தனி அனுமதி இல்லை. வைத்தியர் தன் அனுபவத்தையும் பொறுப்பையும் வைத்துத்தான் போடுகிறார். இதைப் போடுமுன் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி உங்கள் விடயம். எட்டு மாதத்தில் ஓட்டை விழுந்த காட் அனேகமாக றப்பர் போன்ற மெதுவான வகையாக இருக்கும். மெதுவானதைக் கண்டால் சிலருக்குச் சப்பும் ஆசை கூடிவிடுகிறது. கடினமான அக்கிரிலிக்கில், கொடுப்புப் பல் பக்கம் சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்பில், மேல் தாடைக்குச் செய்யக் கேளுங்கள். வாயில் வைத்து, நிறத்தாளைக் கடிக்கவைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே அழுத்தத்தில் படுகிறதா என்று பார்த்து அராவ வேண்டும். இந்த அராவும் வேலைக்கு இரண்டு மூன்று தரம் போகவேண்டிவரும். ஒரே தரத்தில் தந்துவிட்டு அனுப்பினால் அது பாதி வேலை. சுடுதண்ணீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டாலும் அதே கதிதான்.

பகலிலும் கடிக்கிறீர்களா என்று ஒரு கிழமை கவனியுங்கள். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் 2 முதல் 4 மில்லிமீற்றர் விலகியிருக்க வேண்டும். தையல் மெசின், கணினி, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் என்று எங்கே கடிபடுகிறதோ அங்கே ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவையுங்கள். பொட்டு கண்ணில் பட்டதும் பல்லைப் பிரியுங்கள். விடியலில் வலி கூடுதல் என்றால் இரவுக் கடி, பின்னேரம் கூடுதல் என்றால் பகல் கடி. பகல் கடிக்கு ஊசியைவிட இந்தப் பொட்டு நல்ல மருந்து. மூன்று மாதம் சரியான காட் போட்டு, பகல் பழக்கத்தையும் திருத்தி, அதன் பிறகும் தசை அமத்த வலித்தால் ஊசி நியாயமான அடுத்த படி.

கொக்குவில் வாசகர்: ரொறன்ரோவிலை இருக்கிற அக்காவுக்கு ஒரு பக்கத்துக்கு 75 யூனிற் போட்டவையாம். எனக்கு இங்கை 25 யூனிற் தான் எண்டு சொல்லுகினம். குறைச்சுப் போட்டு ஏமாத்துகினமோ?

அக்காவின் மருந்துப் பெயரைக் கேளுங்கள். இதே நச்சில் வேறு நிறுவனம் செய்யும் டிஸ்போட் ஆக இருந்தால் கணக்குச் சரி. டிஸ்போட்டின் ஏறத்தாழ 2.5 முதல் 3 யூனிற் பொட்டொக்ஸின் 1 யூனிற்றுக்குக் கிட்டவாக வரும். சியோமின் என்ற இன்னொரு தயாரிப்பு என்றால் பொட்டொக்ஸோடு கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று. இதுவும் ஒரு கைக்கணக்குத்தான். ஒரு நிறுவனத்தின் யூனிற்றை இன்னொன்றின் யூனிற்றாக எடுக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். பொட்டொக்ஸ் என்றால் ஒரு பக்க மசெற்றர் தசைக்கு, அதாவது பல்லைக் கடிக்கும்போது கன்னத்தில் திரளும் தசைக்கு, 20 முதல் 30 யூனிற் வழக்கம். மிகவும் தடித்த தசைக்கு அதைவிடக் கூடும். முதல் தரம் போடுபவருக்குக் குறைவாகத் தொடங்குவதே புத்தி. கூடிப்போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

சாவகச்சேரி வாசகி: ஊசியை எங்கை, எப்பிடிப் போடுவினம்? வலிக்குமோ? சிரிப்பு கோணும் எண்டு கேள்விப்பட்டன், உண்மையோ?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்தே பார்ப்போம். இந்த ஊசியில் நடக்கும் பிழைகளில் அனேகம் மருந்தின் பிழையல்ல, கையின் பிழை.

முதலில் கலக்கும் முறை. மருந்து குப்பியில் வெறும் படலமாக ஒட்டியிருக்கும். 100 யூனிற் குப்பிக்குள் பாதுகாப்பு இரசாயனம் சேராத 0.9 சதவீத உப்புநீர் விடவேண்டும். குப்பிக்குள் வெற்றிடம் இருப்பதால் அது நீரைத் தானே இழுத்துக்கொள்ளும். இழுக்காவிட்டால் அந்தக் குப்பியை எறிந்துவிட வேண்டும். நுரை வரக் குலுக்கக்கூடாது, மெல்லச் சுழற்றுவது போதும். 2 மில்லிலீற்றர் விட்டால் 0.1 மில்லிலீற்றரில் 5 யூனிற் இருக்கும், 2.5 மில்லிலீற்றர் விட்டால் 4 யூனிற். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலர் இன்சுலின் சிறிஞ்சால் போடுவார்கள். அதில் எழுதியிருக்கும் கோடு இன்சுலின் யூனிற், இந்த மருந்தின் யூனிற் அல்ல. 2 மில்லிலீற்றரில் கலந்த மருந்தை இன்சுலின் கோட்டில் 10 வரை இழுத்தால் உள்ளே இருப்பது 5 யூனிற்தான். கோட்டைப் பார்த்து ‘10 போட்டோம்’ என்று கொப்பியில் எழுதினால் அடுத்த தரம் கணக்குப் பிசகும். அதனால் எத்தனை மில்லிலீற்றரில் கலந்தது என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள்.

அடுத்தது இடம். காதுச் சோணையிலிருந்து வாய்க்கடை வரைக்கும் ஒரு கோடு கீறுவார்கள். ஊசி அந்தக் கோட்டுக்குக் கீழேதான். பல்லைக் கடிக்கச் சொல்லி, தசையின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் விரலால் பிடித்துக் குறித்து, அந்த எல்லைகளிலிருந்து ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி 3 முதல் 5 புள்ளி வைப்பார்கள். 25 யூனிற் என்றால், தசை திரண்டிருக்கும் கீழ்ப்பக்கம் இரண்டு புள்ளிகளில் 10, 10. சற்று மேலே 5. மெல்லிய 30 கேஜ் ஊசி தாடை எலும்பைத் தொடும்வரை போய், ஒரு நூல் பின்வாங்கி, இரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்து, மெதுவாகச் செலுத்த வேண்டும். தசையின் முன் ஓரத்தையொட்டி முக நாடி தாடை விளிம்பைத் தாண்டி ஏறுவதால்தான் இந்த இழுத்துப் பார்த்தல். நெத்திப்பொட்டு வலியும் இருந்தால் அங்குள்ள விசிறித் தசைக்கு ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 20 யூனிற்றை மூன்று நாலு புள்ளியில் பிரித்துப் போடலாம். வலி எறும்புக் கடி மாதிரி. எல்லாம் பத்து நிமிட வேலை.

சிரிப்பு கோணுவது உண்மைதான். எங்கடை ஆக்கள் கொடுப்புக்குள் சிரிக்கிறது என்று சொல்வோமே, அந்தச் சிரிப்புக்கு வாய்க்கடையைப் பின்னால் இழுக்கும் மெல்லிய தசை மசெற்றரின் முன்பக்கத்துக்கு மேலாக ஓடுகிறது. புள்ளி முன்னுக்குத் தள்ளிப் போனாலோ, மேலோட்டமாகப் போட்டாலோ மருந்து அதற்குள் ஊறி, ஒரு பக்கச் சிரிப்பு நின்றுவிடும். மாற்று மருந்து இல்லை. அனேகமாகச் சில கிழமைகளில் திரும்பும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் செல்லும். கல்யாணத்துக்கு முதல் கிழமை முதன்முதலாக இந்த ஊசி போடப் போகாதீர்கள்.

இன்னொன்று, ஊசி போட்ட கிழமையில் கடிக்கும்போது கன்னத்தில் முட்டை போல ஒரு புடைப்பு வரலாம். தசைக்குள்ளே குறுக்காக ஒரு தசைநார்த் திரை சிலருக்கு இருக்கும். மருந்து அதற்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டால் ஆழம் தளர்ந்து மேற்பகுதி மட்டும் தனியே சுருங்கும். பயப்பட ஒன்றுமில்லை. தானாக வடியும், இல்லாவிட்டால் இரண்டாம் கிழமை பார்வைக்குப் போகும்போது புடைத்த மேற்பகுதிக்குச் சில யூனிற் போட்டால் சரியாகும். பின்பக்கம் மேலே தள்ளிப் போட்டால் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய் வாய் காயலாம். முகம் ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் கன்னம் குழிந்து தோல் தொங்கின மாதிரித் தெரியலாம். முகம் ஒடுங்க வேண்டும் என்று விரும்பிப் போடுபவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

பலன் 3 முதல் 7 நாளில் தொடங்கி, 2 முதல் 4 கிழமையில் உச்சமாகும். கன்னம் மெலிவது தெரிய 6 கிழமையாவது வேண்டும். 3, 4 மாதத்தில் நரம்பு புதுத் துளிர் விட்டுப் பலம் திரும்பும். இரண்டு கிழமைக்கு முன்னர் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லி மேலதிகம் கேட்கவும் கூடாது, கேட்டாலும் போடக்கூடாது.

உரும்பிராய் வாசகி: பட்டினத்திலை ஒரு அழகுநிலையத்திலை மலிவாப் போடினமாம். போகலாமோ?

வேண்டாம். இது வைத்தியர் அல்லது பல் வைத்தியர் போடவேண்டிய மருந்து. அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். எங்கே போட்டாலும் மூன்றைக் கேளுங்கள். குப்பியை உங்கள் முன்னால் காட்டச் சொல்லிப் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி பாருங்கள். தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான மருந்தா என்று கேளுங்கள். பொட்டொக்ஸ் குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டு யாரோ விமானத்தில் கொண்டுவந்தது, கரண்ட் போன நாளில் பிறிட்ஜில் கிடந்தது எல்லாம் வெளித்தோற்றத்தில் நல்லதுபோலவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. கலந்த மருந்து குளிரில் வைத்தாலும் 24 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும், ஒரு குப்பி ஒருவருக்கு என்பதுதான் பொட்டொக்ஸ் பெட்டியில் உள்ள அறிவுறுத்தல். மலிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதற்குள்ளேயே விடை இருக்கிறது: கூடுதல் நீர் விட்டுக் கலப்பார்கள், அல்லது நேற்றைய மிச்சத்தைப் போடுவார்கள். விலையை ‘ஒரு ஊசிக்கு’ என்று கேட்காமல் ‘ஒரு யூனிற்றுக்கு எவ்வளவு, எத்தனை யூனிற்’ என்று கேளுங்கள்.

வல்வெட்டித்துறை வாசகர்: 58 வயது. வெத்திலை, பாக்கு, புகையிலை நாப்பது வருசப் பழக்கம். கொடுப்பு இறுகி வாய் முந்தின மாதிரித் திறபடுதில்லை. உறைப்புச் சாப்பாடு வாயை எரிக்குது. மகன் ஊசி போடச் சொல்லுறார்.

ஐயா, உங்களுக்கு ஊசி அல்ல, வாயைத் திறந்து பார்க்கும் வைத்தியர்தான் உடனடித் தேவை. உங்கள் சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் நிலைக்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையில் வைத்துப் பாருங்கள். சாதாரணமாக மூன்றும் நுழையும்; அளவுகோலில் 40 மில்லிமீற்றருக்கு மேல். இரண்டு விரலோடு நிற்கிறது, உறைப்பு எரிக்கிறது, கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தடவினால் நார்க்கயிறு மாதிரி இருக்கிறது என்றால் அது தசை இறுக்கமல்ல. பாக்கு கன்னத்தோலின் அடியில் நாரைப் படியவைத்திருக்கிறது. தசையைத் தளர்த்தும் மருந்துக்கு நாரைத் தளர்த்தத் தெரியாது. இந்த நிலை புற்றுநோயாக மாறக்கூடியது. போதனா வைத்தியசாலையின் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். புகையிலையை விட்டு வெத்திலை பாக்கை மட்டும் வைத்திருப்போம் என்று பலர் சமாதானம் செய்வார்கள். இங்கே குற்றவாளி பாக்குத்தான்.

மகனுக்கு ஒரு சொல்: நாளெல்லாம் சப்புபவருக்குக் கன்னத் தசை திரள்வது இயல்பு. ஆகையால் வெளியில் இருந்து பார்த்து, பல் கடிப்பதால் வந்த தடிப்பு என்று முடிவு கட்டக்கூடாது.

கரவெட்டி வாசகி: அம்மாவுக்கு 71 வயது. ஒரு மாதமாச் சாப்பாட்டைச் சப்பச் சப்பக் கொடுப்பு வலிக்குது, நிப்பாட்டினால் விடுது. தலையிலை சீப்புப் பட்டாலே நோகுதாம். பல் கடிக்கிறாவோ?

தாமதிக்காமல் இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவரில், சப்பும்போது மட்டும் வரும் தாடை வலியும் தலைத்தோல் நோவும் நெத்திப்பொட்டு நாடியின் அழற்சியாக இருக்கலாம். எங்கள் நாட்டவரில் அரிது. ஆனால் கண்ணுக்குப் போகும் இரத்தத்தை நிறுத்தினால் பார்வை திரும்பாது. ஒரு கண் மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ ஒரு மணித்தியாலமும் பொறுக்காதீர்கள். அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரத்தப் பரிசோதனை எடுத்து, சந்தேகம் வலுத்தால் முடிவு வரமுன்பே ஸ்ரீரொயிட் தொடங்குவார்கள்.

அதேபோல் சைக்கிள் மிதிக்கும்போதோ படி ஏறும்போதோ கீழ்த்தாடை வலித்து, நின்றால் விட்டால் அது இதயமாக இருக்கலாம். ஓய்விலும் விடாமல் வலித்து வியர்த்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

சுன்னாகம் வாசகர்: மன அழுத்தத்துக்குச் சேற்றலின் தொடங்கி ஒரு மாதத்திலை பல் நறுமத் தொடங்கீற்று. ஊசி போடட்டோ?

முதலில் அந்த மருந்தை எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள். சேற்றலின், புளுஒக்ஸ்செற்றின், வென்லபக்சின் ஆகியவை சிலருக்கு இதைச் செய்யும். அளவைக் குறைத்தோ மாற்றியோ பார்த்தாலே போதுமாகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம்: ‘ஐஸ்’ போதைப்பொருள் பாவிக்கும் பிள்ளைகளின் பற்கள் தேய்ந்து உடைவதிலும் இந்தக் கடிக்குப் பங்குண்டு, அதற்குத் தாடை ஊசி விடையல்ல. சத்தமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று விழிப்பவராக இருந்தால் நித்திரை மூச்சுத் தடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரைநகர் வாசகி: மகனுக்கு ஆறு வயது, இரவிலை பல் நறுமுறான். வயித்திலை பூச்சி எண்டு அம்மம்மா சொல்லுறா.

பூச்சி மருந்தைக் காலம் தவறாமல் கொடுங்கள், அது வேறு காரணத்துக்கு. பல் நறுமுவது அனேக பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். ஊசி கிடையாது.

கோண்டாவில் வாசகி: மூண்டு தரம் போட்டிட்டன். முதல் தரம் போலப் பிடிக்குதில்லை. பால் குடுக்கிற தங்கச்சிக்கும் போடலாமோ?

தங்கச்சிக்கு வேண்டாம், கர்ப்பகாலத்திலும் வேண்டாம். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு தசை நோய் உள்ளவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் சீழ் பிடித்தவர்களுக்கும் கூடாது. ஜென்ரமைசின் போன்ற கிருமிகொல்லி ஊசி மருந்து நடக்கும்போது இதன் பலம் கூடிவிடும், அதையும் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர்கள், உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை முடிவோடு போகவும்.

உங்கள் விடயத்தில் முதலில் பழைய சீட்டுகளை எடுத்து யூனிற், கலந்த அளவு, மருந்தின் பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். அனேகமாக இதிலேயே காரணம் பிடிபடும். மூன்றும் ஒன்றே என்றால், இடைவெளி 12 கிழமைக்குக் குறைவாக இருந்ததா என்று பாருங்கள். அடிக்கடி, கூடிய அளவில் போட்டால் உடல் எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி மருந்தை வெட்டிவிடலாம். வேலை செய்யாத தசையை எலும்பும் உணரும்: விலங்குகளில் இந்த ஊசி தாடை எலும்பை மெலியச் செய்தது காட்டப்பட்டிருக்கிறது, மனிதரில் கிடைத்த முடிவுகள் ஒரேமாதிரி இல்லை. எலும்பு தேய்வு உள்ளவர்களுக்கு வருடக்கணக்கில் தொடர்ந்து போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. இரண்டு மூன்று தரத்தோடு நிறுத்தி, காட்டோடும் பகல் பழக்கத்தோடும் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

நல்லூர் வாசகர்: போட்டாப் பிறகு என்ன செய்யக்கூடாது? என்ன சாப்பிடலாம்?

நாலு மணித்தியாலம் படுக்காமலும், அன்று முழுக்கக் கன்னத்தைத் தேய்க்காமலும், முகத்துக்கு ஃபேஷியல் செய்யாமலும் இருங்கள். வலித்தால் பனடோல். கண்டினால் துணியில் சுற்றிய ஐஸ்கட்டி. விழுங்கக் கஷ்டம், குரல் மாற்றம், மூச்சு வாங்குதல் மிக அரிது; வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.

சாப்பாட்டுக்குத் தடையில்லை, களைப்புத்தான் தடை. முதல் மாதம் ஆட்டிறைச்சியை நடுவில் நிறுத்தி ஆறுதல் எடுத்துச் சப்பவேண்டி வரும். புட்டு, இடியப்பம், சொதி, ஒடியல் கூழ் எல்லாம் தாராளமாக. கூழுக்குள் போடும் கணவாயைச் சின்னதாக வெட்டுங்கள். பருத்தித்துறை வடையைத் தேத்தண்ணிக்குள் நனைக்கலாம். பினாட்டையும் புழுக்கொடியலையும் இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். நைட் காட்டை முதல் இரவிலிருந்தே போடுங்கள்.